கொரிந்து சபையிடம் பவுல் பணம் வாங்காதது ஏன்? ஒரு நிகழ்வு ஆய்வு

"நான் உங்களை வருத்தப்படுத்தவில்லை என்பதேயல்லாமல், உங்களுக்கு மற்றச் சபைகளைப்பார்க்கிலும் எதிலே குறைவுண்டாயிற்று? இந்த அநியாயத்தை எனக்கு மன்னியுங்கள்."

2 கொரிந்தியர் 12:13. அப்போஸ்தலர் பவுல், கிரேக்க நகரமான கொரிந்துவில் தாம் தொடங்கிய சபையிடம் மன்னிப்புக் கேட்கிறார். அவர் செய்த தவறு, அவர்களிடம் காசு வாங்காதது. எழுத்தில் குத்தல் தெரிகிறது, அதைவிட அதிகமாக வலி தெரிகிறது. இலவசமாய் ஊழியம் செய்தவர் மேல் சபைக்கு ஏன் மனத்தாங்கல் வரவேண்டும்? நன்றியல்லவா வந்திருக்க வேண்டும்?

சம்பளமில்லாத ஊழியத்தைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்ற வசனத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதே மத்தேயு 10-ஆம் அதிகாரத்தில், இரண்டே வசனம் தள்ளி, வேலையாள் தன் ஆகாரத்துக்குப் பாத்திரன் என்றும் இயேசு சொல்கிறார். இந்த இரண்டு வசனமும் ஒரே மனிதருடைய வாழ்க்கையில் எப்படிச் சேர்ந்து நின்றன என்று பார்க்கக் கொரிந்துவைவிடத் தெளிவான நிகழ்வு வேறு கிடையாது. கடிதங்கள் கையில் இருக்கின்றன. ஆண்டும் ஓரளவு துல்லியமாகத் தெரியும். பணம் எங்கிருந்து வந்தது என்பதும் எழுதப்பட்டிருக்கிறது.

பட்டறை

கி.மு. 146-இல் ரோமர் அழித்த கொரிந்துவை, கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் ரோமக் குடியேற்றமாக மறுபடி நிறுவினார். குடியேறியவர்களில் பலர் விடுதலை பெற்ற அடிமைகள். இரண்டு பக்கமும் துறைமுகம், கைநிறையக் காசு புரளும் வியாபாரம். பரம்பரைப் பெருமை இல்லாத ஊரில் பணமும் பட்டமும்தான் ஒருவரை மேலே தூக்கும். பவுல் அங்கே வந்தது ஏறக்குறைய கி.பி. 50-இல். அவரை விசாரித்த கல்லியோன், கொரிந்து அடங்கிய அகாயா மாகாணத்தின் அதிபதியாக இருந்த காலம் டெல்பியில் கிடைத்த கல்வெட்டால் 51, 52 என்று தெரிகிறது. அப்போஸ்தலர் 18-ஆம் அதிகாரம் ஒரு வருஷமும் ஆறு மாதமும் அங்கே தங்கினார் என்கிறது.

வந்ததும் அவர் தேடிப்போனது ஒரு தொழிலாளர் குடும்பத்தை. ரோமிலிருந்து கிலவுதியு யூதரை வெளியேற்றியபோது வந்து சேர்ந்தவர்கள் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும். தொழில் ஒன்றாக இருந்ததால் அவர்களோடேயே தங்கி வேலை செய்தார். கூடாரம் பண்ணுகிற தொழில். தோலா, முரட்டு நூல் துணியா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. எதுவானாலும் குனிந்து உட்கார்ந்து, தடித்த ஊசியால் குத்தி இழுத்து, மறுபடி குத்தி இழுக்கும் வேலை. அகழாய்வில் வெளிப்பட்ட கொரிந்துச் சந்தைக் கடைகள் சில மீட்டர் அகலமே உள்ள அறைகள். வாசல் வழியாகத்தான் வெளிச்சம். பின்னாளில் எபேசுவில் அவர் மேனியிலிருந்து உறுமால்களையும் கச்சைகளையும் வியாதியஸ்தருக்குக் கொண்டுபோனார்கள் என்று வாசிக்கிறோமே, அவை வியர்வை துடைக்கும் துணியும் வேலைக்காரர் இடுப்பில் கட்டும் துணியும்தான் என்று பலர் விளக்குகிறார்கள். எனக்கு அந்த வசனம் அப்போஸ்தலரின் கையையே பார்த்த மாதிரி இருக்கும்.

ஓய்வுநாளில் ஜெப ஆலயத்தில் பேச்சு, மற்ற ஆறு நாளும் ஊசி. "எங்கள் கைகளினால் வேலைசெய்து, பாடுபடுகிறோம்" என்று அவரே எழுதினார். தெசலோனிக்கேயில் இரவும் பகலும் உழைத்ததாகச் சொல்கிறவர், கொரிந்துவில் மட்டும் சாயங்காலத்தோடு நிறுத்தியிருக்க மாட்டார்.

யார் கொடுத்தார்கள்?

"பவுல் கூடாரம் தைத்துப் பிழைத்தார்" என்பது பாதி உண்மை. மீதிப் பாதியை நாம் பிரசங்கங்களில் கேட்பதே அபூர்வம்.

அப்போஸ்தலர் 18:5-இல் பவுலின் உடன் ஊழியர்களான சீலாவும் தீமோத்தேயும் வடக்கே மக்கெதோனியாவிலிருந்து வருகிறார்கள். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அப்போது பவுல் "ஆவியில் வைராக்கியங்கொண்டு" சாட்சி சொன்னார் என்கிறது. பழமையான கிரேக்கப் பிரதிகளில் இருக்கிற வாசகம் வேறு: அவர் வசனத்திலேயே முழுக்க ஈடுபட்டார். இவர்கள் வந்ததும் ஏன் அந்த மாற்றம்? 2 கொரிந்தியர் 11:9 பதில் சொல்கிறது. மக்கெதோனியாவிலிருந்து வந்த சகோதரர் அவருடைய குறைவை நிறைவாக்கினார்கள். பணம் வந்தது, ஊசி கீழே இறங்கியது, பகல் முழுக்கப் பிரசங்கத்துக்குக் கிடைத்தது.

அதற்கு முந்தின வசனம் இன்னும் கடுமையானது: "உங்களுக்கு ஊழியஞ்செய்யும்படிக்கு, மற்றச் சபைகளிடத்தில் சம்பளத்தைப் பெற்று, அவர்களைக் கொள்ளையிட்டேன்." அந்த வார்த்தையை அவர் தெரிந்தே போடுகிறார். மக்கெதோனியச் சபைகளின் கொடிய தரித்திரத்தைப் பற்றி அதே நிருபத்தின் 8-ஆம் அதிகாரத்தில் எழுதுகிறவர் அவர்தான். ஏழைச் சபை கொடுத்தது, பணமுள்ள ஊரின் சபை இலவசமாய்ப் பிரசங்கம் கேட்டது.

கொரிந்து சபைக்கு ஊழியம் இலவசம். ஆனால் அந்த ஊழியத்துக்குச் செலவு இருந்தது. அதை மக்கெதோனியாவின் பிலிப்பி நகர விசுவாசிகள் தங்கள் இல்லாமையிலிருந்தும், ஆக்கில்லா வீட்டார் தங்கள் கூரையிலிருந்தும், பவுல் தம் தூக்கத்திலிருந்தும் கொடுத்தார்கள். சம்பளமில்லா ஊழியத்தைப் பற்றி எங்கே பேசினாலும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இது என்று நான் உறுதியாக நம்புகிறேன்: இதற்கு யார் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்? பல சபைகளில் பதில் ஒரு பெண்ணாக இருக்கும். கணவர் முழுநேர ஊழியர், வீட்டை ஓட்டுவது மனைவியின் சம்பளம். மேடையில் அவர் பெயர் வருவதில்லை.

உரிமை முதலில், விட்டுக்கொடுப்பது பிறகு

1 கொரிந்தியர் 9-ஐ அவசரமாகப் படிக்கிறவர்கள் அது சம்பளத்துக்கு எதிரான அதிகாரம் என்று நினைக்கிறார்கள். முதல் பதினான்கு வசனத்தை நிதானமாகப் படித்தால் அத்தனையும் சம்பளத்துக்கு ஆதரவான வாதம். போர்ச்சேவகன் சொந்தச் செலவில் சண்டைக்குப் போகிறானா? திராட்சத்தோட்டம் போட்டவன் அதன் கனியைத் தின்ன மாட்டானா? மந்தை மேய்க்கிறவன் பாலைக் குடிக்க மாட்டானா? போரடிக்கிற மாட்டை வாய்கட்டக் கூடாது என்று உபாகமம் சொல்லவில்லையா? ஆலயத்தில் பணிவிடை செய்கிறவர்கள் ஆலயத்தினாலே புசிக்கவில்லையா? கடைசியில் கர்த்தருடைய கட்டளையையே வைக்கிறார்: சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்குச் சுவிசேஷத்தினாலே பிழைப்பு உண்டாகவேண்டும்.

நடுவே ஒரு வரி மிக முக்கியம். மற்ற அப்போஸ்தலரும் கர்த்தருடைய சகோதரரும் கேபா என்கிற பேதுருவும் மனைவியை அழைத்துக்கொண்டு ஊழியப் பயணம் போகிறார்கள், அவர்களைச் சபைகள் தாங்குகின்றன. அதில் பவுல் எந்தக் குறையும் காணவில்லை. அவருக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. பேதுருவுக்கு மனைவி உண்டு. பேதுரு ஏன் வலை இழுத்துக்கொண்டே பிரசங்கிக்கவில்லை என்று பவுல் ஒரு இடத்திலும் கேட்கவில்லை.

உரிமையை இவ்வளவு உறுதியாக நாட்டிவிட்டுத்தான் "இந்த அதிகாரத்தைச் செலுத்தவில்லை" என்கிறார். இல்லாத உரிமையை யாராலும் விட்டுக்கொடுக்க முடியாது. "நம் போதகருக்குச் சம்பளம் வாங்கும் உரிமையே கிடையாது, பவுல் வாங்கவில்லையே" என்று ஒரு சபை சொன்னால், பவுல் எதைத் தியாகம் செய்தாரோ அதையே அது இல்லாமலாக்கிவிடுகிறது.

அடுத்து வருகிற வாதம்தான் என்னைப் பல வருஷமாகப் பிடித்துவைத்திருக்கிறது. சுவிசேஷத்தை அறிவிப்பது என்மேல் விழுந்த கடமை, அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்கிறார். உக்கிராண உத்தியோகம், அதாவது எஜமானின் பொருளைப் பராமரிக்கும் பொறுப்பு, தம்மிடம் ஒப்புவிக்கப்பட்டது, அதைச் செய்வதில் தமக்கென்று பாராட்டிக்கொள்ள ஒன்றுமில்லை. அப்படியானால் தாமாக மனமுவந்து கொடுக்க அவரிடம் என்ன மிச்சம்? ஒன்றே ஒன்றுதான். செலவில்லாமல் கொடுப்பது. "எனக்குப் பலன் என்ன?" என்று கேட்டு, சுவிசேஷத்தைச் செலவில்லாமல் ஸ்தாபிப்பதே என் பலன் என்கிறார். கூலி வாங்காததுதான் அவருக்குக் கூலி. இதில் கணக்குப் பார்க்கிற மனமே இல்லை. அன்புள்ள ஒருவர் தன்னிடம் இருக்கிற கடைசிப் பொருளையும் தேடி எடுத்து நீட்டுகிற மாதிரி இருக்கிறது.

ஏன் கொரிந்துவில் வாங்கவில்லை?

பிலிப்பியரிடம் வாங்கினார். தெசலோனிக்கேயில் இருந்தபோதே அவர்கள் ஒருதரம் இரண்டுதரம் அனுப்பினார்கள், அதை நன்றியோடு நினைவுகூர்கிறார். ஆக, காசே தொடமாட்டேன் என்பது அவர் கொள்கை இல்லை. ஊருக்கு ஊர் பார்த்து நடந்திருக்கிறார். "கிறிஸ்துவின் சுவிசேஷத்திற்குத் தடையுண்டாகாதபடிக்கு" என்பதுதான் அளவுகோல்.

கொரிந்துவில் தடை எது? அந்தக் காலத்து ரோமச் சமூகத்தில் செல்வந்தர் கொடுக்கிற பணம் வெறும் பணம் அல்ல. கொடுப்பவர் புரவலர், வாங்குகிறவர் அவருடைய ஆள். காலையில் வாசலில் போய் நிற்கவேண்டும், சபையில் அவரைப் புகழவேண்டும். ஊர் ஊராய்ப் போய்ச் சொற்பொழிவு செய்து கட்டணம் வாங்கும் சோபிஸ்டுகள் இருந்தார்கள். யார் அதிகம் வாங்குகிறாரோ அவர் பெரிய பேச்சாளர். சபைக்குள்ளேயோ "நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்" என்று கட்சி கட்டியிருந்தார்கள். கர்த்தருடைய பந்திக்கு வந்தால் ஒருவன் பசியாயிருக்க, ஒருவன் வெறிக்கக் குடித்திருந்தான். இந்த நிலையில் வசதியுள்ள ஒரு வீட்டாரிடம் மாதப்படி வாங்கியிருந்தால் பவுல் அந்த வீட்டின் அப்போஸ்தலராகியிருப்பார். பசித்தவனுக்காகப் பேச அவருக்கு வாய் இருந்திருக்காது.

இங்கேதான் மனத்தாங்கலின் வேரும் இருக்கிறது. புரவலர் நீட்டிய கையைத் தட்டிவிடுவது அவமதிப்பு. அதிலும் அவர் தேர்ந்துகொண்டது கைத்தொழில். கூலிவேலை சுதந்திர மனிதனுக்கு அடுத்ததல்ல, வாங்குகிற கூலியே அடிமைத்தனத்துக்குப் போட்ட அச்சாரம் என்று ரோம அறிஞர் சிசரோ எழுதி நூறாண்டு கூட ஆகவில்லை. நம் அப்போஸ்தலர் தோல் நாற்றத்தோடு பட்டறையில் உட்கார்ந்திருக்கிறாரே என்று அந்தச் சபையின் பெரிய மனிதர்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கும். "நீங்கள் உயர்த்தப்படும்படி நான் என்னைத் தாழ்த்தினதினாலே குற்றஞ்செய்தேனோ?" என்ற பொருளில் அவர் கேட்பது அந்தக் கூச்சத்துக்கான பதில்தான்.

பின்னால் வேறு போதகர்கள் வந்தார்கள், வாங்கினார்கள். உடனே பேச்சு கிளம்பியது: வாங்குகிறவரல்லவா உண்மையான அப்போஸ்தலர்? இவர் வாங்காததற்குக் காரணம் நம்மை நேசிக்காததுதானே? "நான் உங்களைச் சிநேகியாதபடியினாலேயோ? தேவன் அறிவார்" என்று 11:11-இல் அவர் கதறுவதை வாசிக்கும்போது மனம் கலங்குகிறது.

இதைவிட மோசமான சந்தேகமும் எழுந்தது. எருசலேமின் ஏழைப் பரிசுத்தவான்களுக்காகக் காணிக்கை சேர்த்தார் அல்லவா, அதில் கைவைக்கத்தான் வெளியே வாங்காத வேஷம் போடுகிறார் என்றார்கள். உபாயமுள்ளவனாயிருந்து தந்திரத்தினாலே உங்களைப் பிடித்தேனாம் என்று அவரே அதைத் திருப்பிச் சொல்கிறார். இலவச ஊழியம் சந்தேகத்துக்கு மருந்து என்று நினைக்கிறோம். கொரிந்துவில் அது சந்தேகத்தை வளர்த்தது. அப்போது பவுல் என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். தம் தியாகத்தை எடுத்துக்காட்டி வாயடைக்கவில்லை. பணத்தைத் தாம் தொடாமல், தீத்துவையும், சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்ட வேறு சகோதரரையும் அனுப்பினார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்கும்படி என்று காரணமும் சொன்னார். நான் சம்பளம் வாங்காதவன், என்னிடமே கணக்குக் கேட்கிறீர்களா என்று நம் நாளில் சொல்கிற ஊழியர்களை நான் பார்த்திருக்கிறேன். பவுலுக்கு அந்தச் சலுகையும் வேண்டியிருக்கவில்லை.

எதை வாங்கினார்?

தங்கியிருந்து ஊழியம் செய்யும்போது அந்த ஊர்ச் சபையிடம் ஜீவனத்துக்கு வாங்கவில்லை. ஆனால் புறப்படும்போது வழியனுப்புதலை எதிர்பார்த்தார். "நான் எங்கே போனாலும் நீங்கள் என்னை வழிவிட்டனுப்பும்படிக்கு" என்று 1 கொரிந்தியர் 16:6-இல் எழுதுகிறார். அந்தக் கிரேக்கச் சொல்லில் கையசைத்து விடைகொடுப்பதற்கு மேல் பொருள் இருக்கிறது, வழிச்செலவும் துணையும் அதில் அடங்கும். உபசரிப்பையும் மறுக்கவில்லை. தாம் போனபின் வேறொரு சபைக்காகக் கொடுக்கிற பணம் கொடுத்தவருக்குப் பிடி கொடுக்காது. தாம் இருக்கும்போது தமக்காகக் கொடுக்கிற பணம் பிடி கொடுக்கும். அவர் கோடு கிழித்த இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது. வேலை பார்த்துக்கொண்டே பிரசங்க ஊழியம் செய்கிறவன் நான், யாரிடமும் வாங்குவதில்லை என்று தீர்மானம். ஒருமுறை ஆராதனை முடிந்து படியிறங்கும்போது வயதான ஒரு அம்மா நான்காய் மடித்த ஒரு நோட்டை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். நான் விரலைத் திறந்து திருப்பிக் கொடுத்தேன். "வாங்குறதில்லைம்மா" என்றேன், பெருமிதத்தோடு. அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த நோட்டை முந்தானையில் மறுபடி முடிந்துகொண்டு, என்னைப் பார்க்காமல் சுவரைப் பிடித்தபடி இறங்கிப் போனார். அவர் புரவலரும் இல்லை, என்னை ஆளாக்கிக்கொள்ள வந்தவரும் இல்லை. "உபகாரத்தை நான் நாடாமல், உங்கள் கணக்குக்குப் பலன் பெருகும்படியே நாடுகிறேன்" என்று பிலிப்பியருக்கு எழுதின பவுல் அந்த இடத்தில் இருந்திருந்தால் வாங்கியிருப்பார். நான் கொரிந்துவுக்கு உரியதைப் பிலிப்பிக்குச் செய்துவிட்டேன்.

பின்னால் வந்தவர்கள்

ஆதிச் சபை இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியதற்குத் திதாகே என்னும் பழைய கிறிஸ்தவ ஒழுங்குநூல் சாட்சி. சுற்றித்திரியும் அப்போஸ்தலன் ஒரு நாள், தேவையானால் இரண்டு நாள் தங்கலாம். மூன்று நாள் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி. போகும்போது அப்பம் மட்டும் வாங்கவேண்டும், பணம் கேட்டால் அவனும் கள்ளத் தீர்க்கதரிசி. அதே நூல், நிலையாகத் தங்கும் உண்மையான தீர்க்கதரிசிக்கு முதற்பலனைக் கொடுங்கள் என்றும் சொல்கிறது. கடுமையும் கனிவும் பக்கத்துப் பக்கத்தில்.

கொரிந்து நிகழ்வு அப்படியே திரும்ப நடந்த இடம் ஒன்று உண்டு, இங்கிலாந்து மிஷனெரி வில்லியம் கேரியின் வாழ்க்கை. வங்காளத்துக்கு 1793-இல் வந்தவர், மறு ஆண்டு மட்னாபட்டியில் அவுரித் தொழிற்சாலையை நடத்தும் வேலையில் சேர்ந்ததும், இனி தமக்குப் பணம் அனுப்பவேண்டாம் என்று தம்மை அனுப்பிய இங்கிலாந்து மிஷனெரி சங்கத்துக்கு எழுதினார். 1800-இல் செராம்பூர் வந்தபின் கேரி, அவருடைய உடன் ஊழியர்கள் மார்ஷ்மன், வார்ட் மூவரும் பொதுப்பையில் வாழ்ந்தார்கள். கோட்டை வில்லியம் கல்லூரியில் கேரி வாங்கிய பெரிய சம்பளமும் மார்ஷ்மன் குடும்பத்தின் பள்ளி வருமானமும் அச்சக வருமானமும் பெரும்பாலும் ஊழியத்துக்கே போயின. 1815-இல் சங்கத்தின் செயலர் ஆண்ட்ரூ புல்லர் இறந்தபின் அவர்களை நேரில் அறியாத புதிய தலைமுறை வந்தது. சொத்து யாருடையது, இவர்கள் தங்களுக்காகச் சேர்க்கிறார்களா என்ற கேள்விகள் எழுந்து, 1827-இல் செராம்பூரும் சங்கமும் பிரிந்தன. உழைத்துச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் மேல் சேர்த்துவைத்ததாகப் பழி. வாங்காதவரை ஆளமுடியாது, ஆளமுடியாதவரை நம்புவது கடினம். இதில் இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். சொந்தக் காலில் நிற்கிற ஊழியர் யாருக்குப் பதில் சொல்வார் என்பது நேர்மையான கேள்விதான்.

மூன்றாம் வருகை

கொரிந்து விவகாரம் எப்படி முடிந்தது? பவுல் மூன்றாம் முறையாகக் கொரிந்துவுக்கு வந்தார். அப்போஸ்தலர் 20:3 கிரேக்க நாட்டில் மூன்று மாதம் தங்கினார் என்கிறது. அந்த நாட்களில் எழுதியதே ரோமருக்கு நிருபம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட முடிவு. அதன் கடைசியில், "என்னையும் சபையனைத்தையும் உபசரித்துவருகிற காயு" வாழ்த்துச் சொல்கிறார். பவுல் தம் கையாலே ஞானஸ்நானம் கொடுத்ததாக 1 கொரிந்தியர் 1-இல் சொல்லும் சிலரில் ஒருவர் காயு, பெரும்பாலும் அதே மனிதர். பவுல் அவர் வீட்டில் சாப்பிடுகிறார். அவர் சொல்லச் சொல்ல நிருபத்தை எழுதும் தெர்தியு எழுத்தாணியோடு பக்கத்தில் இருக்கிறார்.

அந்த நிருபத்தின் 15-ஆம் அதிகாரத்தில், எருசலேமின் ஏழைகளுக்காகப் பொருளுதவி செய்ய மக்கெதோனியாவும் அகாயாவும் இஷ்டங்கொண்டார்கள் என்று எழுதுகிறார். அகாயா என்றால் கொரிந்துவும் சேர்ந்துதான். தம்மிடம் ஒரு காசும் வாங்காதவர் மேல் சந்தேகப்பட்ட சபை, கடைசியில் முன்பின் பார்த்திராத ஏழைகளுக்காகப் பையைத் திறந்தது. எவ்வளவு கொடுத்தார்கள் என்று எழுதப்படவில்லை. அப்போஸ்தலர் 20:4-இல் பவுலோடு போனவர்களின் பட்டியலில் பெரேயா, தெசலோனிக்கே, தெர்பை, ஆசியா என்று ஊரும் நாடும் வருகின்றன, கொரிந்துவின் பெயர் இல்லை.

ரோமர் 15-ஆம் அதிகாரத்திலேயே, சற்று முன்னால், ஸ்பானியாவுக்குப் போகும் வழியில் உங்களைக் கண்டு, உங்களால் அவ்விடத்துக்கு வழிவிட்டனுப்பப்படுவேன் என்று நம்புகிறேன் என்று ரோமச் சபைக்கு எழுதுகிறார். காயுவின் வீட்டிலிருந்துகொண்டு, இன்னும் பார்த்திராத ஒரு சபையிடம், கூச்சமில்லாமல் உதவி கேட்கிறார்.